மடுல்சீமை மலைக்குப் பை கட்டும்போது

கனடாவிலிருந்து புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னர் அக்காவின் மகன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, வில்லையும் கொண்டுவரட்டோ?"

அவன் ஒன்ராறியோவில் பிறந்து வளர்ந்தவன். அங்கே இலையுதிர் காலத்தில் வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் போய், இரண்டு மூன்று நாள் தங்கி மான் வேட்டையாடுவது சட்டம் அனுமதிக்கிற ஒன்று. பயிற்சி வகுப்பில் தேறவேண்டும், உரிமம் எடுக்கவேண்டும், குறித்த பருவத்தில் மட்டும் போகவேண்டும். மான் வேட்டைக்கான வில்லின் இழுவிசை குறைந்தது 18 கிலோவாக இருக்கவேண்டும் என்றுகூட அங்கே விதி இருக்கிறது. அம்மம்மா பிறந்த மடுல்சீமையைப் பார்க்க முதன்முறையாக வருகிறவன், மலை, காடு என்று கேள்விப்பட்டதும் வில்லை நினைத்துவிட்டான்.

வேண்டாம் என்றேன். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். பொழுதுபோக்குக்கு வில்லோடு காட்டுக்குள் இறங்குகிறவரைப் பிடித்தால் வழக்குத்தான். மலையகத்தில் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மரக்கறித் தோட்டத்தைக் காக்கவும் காட்டுப்பன்றி பிடிக்கவும் என்று வைக்கிற கம்பித் தடத்தில் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன. 2020 மே மாதத்தில் லக்சபானப் பக்கத் தோட்டமொன்றில் தடத்தில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டுச் சில நாட்களில் இறந்துபோனது. தோட்டத்துக்குள் வேட்டைச் சாமானோடு வருகிற வெளியாரை எவரும் இப்போது நல்ல கண்ணால் பார்ப்பதில்லை.

ஆகவே வில் வரவில்லை. ஆனால் வில்வேட்டைக்குப் போகிறவன் பை கட்டுகிற முறை அவனோடு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. சில ஆண்டுகளாக வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக மடுல்சீமைக்குக் கூட்டிப்போய் வருகிறேன். பலருடைய தாய், தகப்பன் 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். சொந்த மண் என்று சொல்லக் கேட்டிருப்பார்கள், பார்த்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் பார்க்கிற பிரச்சினை ஒன்றுதான்: பை. இரண்டு இரவுக்குப் போகிற பயணத்துக்கு 18 கிலோ, 20 கிலோ. ஒரு பிள்ளையின் பைக்குள் ஐந்து கிலோ அரிசி இருந்தது. கேட்டால், "அம்மா வைச்சு விட்டவ. எதுக்கும் கிடக்கட்டும் எண்டு" என்றாள். எதுக்கும் என்றால் எதுக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் அதைக் கேட்கத் தேவையில்லை.

வேட்டைக்காரனின் கணக்கு

வில்வேட்டைக்காரன் ஏன் பாரம் குறைக்கிறான்? துப்பாக்கிக்காரன் நூறு மீற்றருக்கு அப்பாலிருந்து சுடலாம். வில்காரன் இருபது, முப்பது மீற்றருக்குள் போகவேண்டும். பாரம் சுமந்து மூச்சு வாங்குகிறவன் காலடியில் சுள்ளி முறியும், மான் ஓடிவிடும். இது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் திரும்பி வருவதில் இருக்கிறது. வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான் ஒன்றில், எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் இருபது, இருபத்தைந்து கிலோ தேறும். காட்டுக்குள் வண்டி வராது. அதையும் தன் முதுகிலேயே சுமந்து வெளியே வரவேண்டும். அதனால் போகும்போதே பை பாதி காலியாக இருக்கவேண்டும். இக்காலத்துக் கப்பி வைத்த வில் ஒன்றே துணைக்கருவிகளோடு இரண்டு கிலோ வரும். அதற்கு இடம்விட மற்ற எல்லாவற்றிலும் கிராம் கிராமாகக் குறைக்கிறார்கள். பல்துலக்கியின் பிடியை வெட்டுகிறவர்களும் உண்டாம். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது.

அவனுடைய முறை எளிது. வீட்டில் ஒரு தராசு. எடுத்துப்போகிற ஒவ்வொன்றையும் அதில் வைத்து நிறையை எழுதுகிறான். தண்ணீர், சாப்பாடு, எரிவாயு போன்ற தீர்ந்துபோகிறவை ஒரு பக்கம், தீராமல் கடைசிவரை முதுகில் இருக்கிறவை இன்னொரு பக்கம். இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். அதை ஏழு கிலோவுக்குள் கொண்டுவந்துவிட்டால், சாப்பாடும் தண்ணீரும் சேர்த்துப் பதினொன்று, பன்னிரண்டு கிலோவோடு நிற்கும். உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கவேண்டாம் என்பது நடையாளர்களின் பொதுக் கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு அது பன்னிரண்டு. மெலிந்த பிள்ளைகளுக்கும் காலில், முதுகில் பழைய காயம் உள்ளவர்களுக்கும் இன்னும் குறையவேண்டும். எங்கள் குழுக்களில் உடம்புக்குள் செல் துண்டோடு நடக்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு ஆறு கிலோவுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. மிச்சத்தை மற்றவர்கள் பிரித்துக்கொள்வோம்.

படங்கில் விரித்தபோது

மலைக்குப் போவதற்கு முதல் நாள் இரவு, உறவினர் ஒருவரின் லயத்து வீட்டில் தங்கினோம். அம்மாவும் வந்திருந்தா. முன்வாசலில் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை விரித்து, மருமகன் தன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். நானும் என்னுடையதைப் பக்கத்தில் பரப்பினேன். அதிலிருந்த வித்தியாசத்தைச் சொன்னால் இந்தக் கட்டுரையில் பாதி முடிந்துவிடும்.

என் கூடாரம் கொழும்பில் மலிவாக வாங்கியது, மூன்று கிலோ. அவனுடையது கூடாரமே இல்லை. மூன்று மீற்றர் சதுர நைலோன் விரிப்பு, ஆறு கயிறு, ஆறு முளை, எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கும் குறைவு. அதைப் பார்த்ததும் அம்மா, "இது தறப்பாளுடா" என்றா. தறப்பாள்தான். அதைக் கட்டுவது எப்படி என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. காற்று வருகிற பக்கம் தாழ்த்தி, மறுபக்கம் உயர்த்தி, மழைநீர் ஒரு மூலைக்கு வடியும்படி இழுத்துக் கட்டுவது மெனிக் பாமில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. ஆனால் ஒன்று: மடுல்சீமையில் வெட்டவெளி விளிம்பில் காற்று பலம். கச்சான் வீசுகிற ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தறப்பாள் மட்டும் போதாது. அந்த மாதங்களில் இருவர் படுக்கும் இரண்டு கிலோக் கூடாரம் ஒன்றை இரண்டு பேர் பங்கிட்டுச் சுமப்பது நல்லது. ஒருவர் துணியை, மற்றவர் கம்பிகளை.

தூங்குவதற்கு நான் வீட்டுப் போர்வை இரண்டு கொண்டுபோயிருந்தேன். இரண்டும் சேர்த்து மூன்று கிலோ, ஈரமானால் ஐந்து. அவனுடைய தூக்கப்பை 900 கிராம். 10 பாகை செல்சியஸ் என்று குறித்த தூக்கப்பை இந்த மலைக்குப் போதும், அதற்கும் குளிர்ந்ததற்கு வாங்கிக் காசைக் கரைக்கவேண்டாம். கீழே விரிக்கிற நுரைப் பாய் முக்கியம். குளிர் மேலேயிருந்து வருவதைவிட நிலத்திலிருந்து ஏறுவதுதான் அதிகம். தூக்கப்பை வாங்க வசதியில்லாதவர்கள் நுரைப் பாய், ஒரு கம்பளி, ஒரு சாரம் என்று சமாளிக்கலாம்.

சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டுப் பட்டியல் எதிலும் அது இல்லை. முன்னூறு கிராமுக்குள் வருகிற ஒரு துண்டு. போர்வை, துவாய், உடுப்பு மாற்ற மறைப்பு, வெயிலுக்குத் தலைக்கட்டு, முறிந்த கைக்குத் தொட்டில், இரண்டு தடியும் இரண்டு சாரமும் இருந்தால் ஆளைத் தூக்கக் காவு படுக்கை. கடைசியாகச் சொன்னதை நாங்கள் 2009இல் எத்தனை தடவை செய்தோம் என்று கணக்கில்லை. மருமகன் அதைக் கேட்டுவிட்டு, தன்னுடைய விரைவாய்க் காயும் வெளிநாட்டுத் துவாயைப் பையிலிருந்து எடுத்து லயத்திலேயே வைத்துவிட்டு, மாமாவின் சாரம் ஒன்றை வாங்கிக்கொண்டான்.

ஜீன்ஸ் எடுத்துப்போகாதீர்கள். பாரம், நனைந்தால் காயாது, தொடையை உரசிப் புண்ணாக்கும். மெல்லிய நைலோன் காற்சட்டை இரண்டு, நீளக்கை மேற்சட்டை இரண்டு, இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை, காலுறை மூன்று சோடி. அவ்வளவுதான் உடுப்பு. இரவுக்கான ஒரு சோடியை மட்டும் பொலித்தீன் பையில் கட்டி, என்ன நடந்தாலும் நனையாமல் வைத்திருக்கவேண்டும். சப்பாத்து கனமானதாக இருக்கவேண்டியதில்லை. பாதத்தில் ஏறுகிற ஒரு கிலோ முதுகில் ஏறுகிற ஐந்து கிலோவுக்குச் சமமான களைப்பைத் தரும் என்பது பழைய நடையாளர்களின் அனுபவம். அடியில் நல்ல பிடிப்பு இருந்தால் போதும்.

பைக்குள் அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. பாரமானது முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே. இலேசானது கீழேயும் வெளிப்பக்கமும். மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. இடுப்புப் பட்டியை இறுக்கினால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும். இதை அவன் விளக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற அக்கா ஒருவர் சிரித்தார். நாள் முழுதும் கொழுந்துக் கூடையைத் தலையில் கயிறு மாட்டிச் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறவர். "எங்களுக்கு இடுப்புப் பட்டி இல்லீங்க தம்பி, தலைதான்" என்றார். அவருடைய கூடையில் நிறைகிற பச்சைக் கொழுந்தின் நிறையை அவன் கேட்டறிந்து, தன் பையைப் பற்றி அதன்பின் அதிகம் பேசவில்லை.

விளிம்பிலிருந்து தெரிகிற நாடு

மடுல்சீமையில் எல்லாரும் போகிற இடம் பிட்டமாருவப் பக்கத்து மலைவிளிம்பு. சின்ன உலக முடிவு என்று பெயர் பரவிவிட்டது. பதுளையிலிருந்து பசறைக்கு வந்து, அங்கிருந்து மடுல்சீமை. பிறகு முச்சக்கரவண்டியும் கடைசிப் பகுதி நடையும். விடியற்காலையில் முகில் கீழே கிடக்கும். அது கலையும்போது லொக்கல் ஓயாவும் மகியங்கனை, பிபிலைப் பக்கத்துச் சமவெளியும் தெரியத் தொடங்கும்.

அந்தச் சமவெளி இலங்கையில் உண்மையான வில்வேட்டைக்காரர்களின் நாடு. மகியங்கனைக்கு அப்பால் தம்பானையில் வேடர் சமூகம் இன்றும் இருக்கிறது. மருமகன் விளிம்பில் நின்று தன்னுடைய கப்பி வில்லைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேடரின் வில் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். அம்பு இரண்டோ மூன்றோதான். ஒரு கோடரி, தீ மூட்டும் கல், வெற்றிலைப் பை. தேன் எடுத்தால் கொண்டுவர மான்தோல். இதற்குமேல் காட்டுக்குள் எடுத்துப்போவது கொஞ்சம்தான். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இரண்டு செய்திகளை எழுதியிருக்கிறார். அம்பு முனை வேண்டுமானால் வேடர்கள் இரவில் வந்து, கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவத்தை இலையில் வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அதே அளவில் செய்து தொங்கவிடுவான். மற்றது, இறைச்சியை மரப்பொந்தில் தேனூற்றி அதற்குள் நிரப்பி, களிமண்ணால் மூடி, பஞ்சகாலத்துக்கென்று வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது செய்தியைக் கேட்டதும் அவன் துள்ளினான். பாரம் குறைப்பதில் இதைவிடப் பெரிய வித்தை இல்லை என்றான். சாப்பாட்டைச் சுமக்காமல் காட்டிலேயே சேமித்து வைப்பது. ஆனால் அதைச் செய்ய, நாளைக்கும் அந்தக் காடு தன்னுடையதாக இருக்கும் என்ற நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயம் 1983இல் போனது. மகாவலித் திட்டத்தோடு மாதுறு ஓயா தேசியப் பூங்கா அந்த ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்டபோது, வேடர்களின் வேட்டைக்காடு பூங்காவுக்குள் அடங்கியது. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டுக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாஹாமி நகர மறுத்துத் தம்பானையிலேயே இருந்தார், 1998இல் காலமானார். அவருடைய மகன் ஊருவரிகே வன்னில எத்தோ 1996இல் ஜெனீவா சென்று, பழங்குடிகளுக்கான ஐக்கிய நாடுகள் செயற்குழுவின் முன் தன் மக்களின் நிலையை எடுத்துச் சொன்னார். வில்லோடு பிறந்தவர்கள் தங்கள் காட்டுக்குள் வில்லோடு போனால் குற்றவாளிகள். வாகரை, மூதூர்ப் பக்கத்தில் தமிழ் பேசுகிற கரையோர வேடர்களின் கதை நம்மவர்களுக்கு இன்னும் கிட்டத்துக் கதை. அவர்கள் காட்டோடு சேர்த்து யுத்தத்தில் ஊரையும் விட்டு ஓடவேண்டியிருந்தது.

அந்த விளிம்பைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். அங்கிருந்து விழுந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். பனி இறங்கினால் மூன்றடிக்கு அப்பால் தெரியாது, மானாப் புல் பனியில் வழுக்கும், புல் முடிகிற இடமும் நிலம் முடிகிற இடமும் ஒன்றாகத் தெரியும். படுக்கிற இடம் விளிம்பிலிருந்து ஐம்பது மீற்றராவது உள்ளே இருக்கட்டும். இரவில் எழும்ப வேண்டியிருந்தால் துணைக்கு ஒருவரை எழுப்புங்கள், நெற்றி விளக்கோடு விளிம்புக்கு எதிர்ப்பக்கம் போங்கள். கைப்பேசி வெளிச்சத்தை நம்பவேண்டாம். எண்பது கிராம் நெற்றி விளக்கும் மாற்று மின்கலமும் ஆளுக்கொன்று இருக்கவேண்டும், இதில் பங்கு கிடையாது. குடித்துவிட்டு வருகிறவர்களை நான் குழுவில் சேர்ப்பதில்லை. முகாமிடுவதற்கு முன் மடுல்சீமைப் பொலிஸில் அனுமதி கேட்டு, பெயர்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீர், தீ, அட்டை

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இதைக் குறைக்க எந்தக் கடையிலும் வழி விற்பதில்லை. அதனால் எங்கே நிரப்பலாம் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் வழி. தேயிலை மலைக்குக் கீழே ஓடுகிற ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்கவேண்டாம். களைநாசினியும் உரமும் அதில் கரைந்திருக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. சாதாரண வடிகட்டியும் அதை நீக்காது. தேயிலைக்கு மேலே காட்டிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் நல்லது. எந்தப் பீலி நல்லது என்பது லயத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், கேளுங்கள். நடக்கும்போது ஆளுக்கு இரண்டு லீற்றர், இரவு தங்குமிடத்துக்கு இன்னும் இரண்டு. வெறுமையானதும் சுருட்டி வைக்கக்கூடிய பிளாஸ்ரிக் பை இருந்தால் இடம் மிச்சம்.

விறகு வைத்துத் தீ மூட்டவேண்டாம். ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். வேட்டைக்காரர்கள் வாடைக்கும் புகைக்கும் பயந்து தீ மூட்டுவதில்லை, பல நாள் குளிர்ந்த சாப்பாட்டோடே இருப்பார்கள். தேத்தண்ணி இல்லாமல் நம் ஆட்களால் முடியாது என்பதால் நான் சிறிய எரிவாயு அடுப்பு ஒன்று வைத்திருக்கிறேன். அடுப்புத் தலை நூறு கிராம், சிறிய உருளை நானூறுக்குள். நான்கு பேருக்கு ஒன்று போதும்.

சாப்பாட்டில் நாங்கள் யாருக்கும் பின்னால் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு உலர்ந்த உணவு அறுநூறு, எழுநூறு கிராம் போதுமானது. தேங்காய்ப்பூ கூடுதலாகப் போட்டுத் தட்டிய கோதுமை ரொட்டி, மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோகிற உணவு. சட்டி வேண்டாம், கோப்பை வேண்டாம், நடந்துகொண்டே தின்னலாம். முதல் நாளுக்கு அது. அடுத்த நாட்களுக்குப் பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, பொரிவிளாங்காய், வறுத்த கச்சான், கித்துள் கருப்பட்டி. சத்துமாவைச் சீனியோடு கலந்து கொண்டுபோனால் சுடுதண்ணீரில் குழைத்துக் காலைச் சாப்பாடு முடிந்தது. கருவாடு வேண்டாம், அந்த வாடைக்குப் பன்றியும் நாயும் இரவில் வரும். தகரத்தில் அடைத்த மீனும் வேண்டாம், பாதி நிறை தகரமும் தண்ணீரும்தான், வெறுந்தகரத்தையும் சுமந்து திரும்பவேண்டும். கொண்டுபோன குப்பை எல்லாம் கீழே வரவேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். அந்த மலையில் கிடக்கிற பொலித்தீனைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

அட்டைக்கு வெளிநாட்டு மருந்து தேவையில்லை. உப்புக் கட்டிய துணிப்பொட்டலம் ஒன்று, நீளக் காலுறைக்குமேல் சவர்க்காரம் பூசினால் பெரும்பாலும் ஏறாது. ஏறியதை இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். மருந்துப் பைக்குள் ஜீவனி இரண்டு பைக்கற்று, பரசிற்றமோல், பிளாஸ்ரர், இழுபடும் பண்டேஜ், அவரவர் வழமையாக எடுக்கிற மாத்திரை. அழுத்தத்துக்கும் சீனிக்கும் மருந்து எடுப்பவர்கள் இரண்டு நாளுக்கு அதிகமாகவே எடுத்துப்போகட்டும். இங்கே மட்டும் மிச்சம் பிடிக்கவேண்டாம். அவசரத்துக்கு 1990 இலக்க அம்புலன்ஸ். விளிம்புப் பக்கத்தில் எல்லா இடத்திலும் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காது, எங்கே கிடைக்கிறது என்பதைப் போகும்போதே பார்த்து வையுங்கள்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை போகவேண்டியிருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். பதுளை மாவட்டத்தில் மண் சரிகிற காலம் அது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இதே மாவட்டத்தில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அமுலில் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். எவ்வளவு நல்ல மழைச்சட்டையும் அதற்கு உதவாது.

தகரப்பெட்டி

இனி, நிறையே இல்லாத ஒரு சாமானைப் பற்றி.

அன்று இரவு படங்கில் எல்லாம் விரித்திருந்தபோது, மருமகன் ஒரு சிறிய நீர்புகாப் பையை முதலாவதாக எடுத்து வைத்தான். கடவுச்சீட்டு, அதன் பிரதி, காப்புறுதிக் கடிதம், காசு. நூறு கிராம்கூட இராது. காட்டுக்குப் போனாலும் அதை உடம்போடு கட்டிக்கொள்வான், பைக்குள் வைப்பதில்லை என்றான். பை ஆற்றோடு போனாலும் அது போகாது.

அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தா. பிறகு 1977ஐப் பற்றிச் சொன்னா. நான் பலமுறை கேட்டதுதான், ஆனால் இந்த ஒழுங்கில் கேட்டதில்லை. ஓகஸ்ட் மாத இரவு, இன்னொரு தோட்டத்தில் லயம் எரிகிறது என்று ஆள் வந்து சொன்னது. அப்பா கொழுந்துக் கூடைக்குள் சாமானை அள்ளினார். என்னை அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டா, எனக்கு மூன்று வயது. அக்கா நடந்தா. கூடைக்குள் என்ன இருந்தது? அம்மிக் குழவி, பித்தளைக் குடம், ஐந்து கொத்து அரிசி, சாமிப் படம். "கொளவி எதுக்குப்பா எடுத்தோம்னு இன்னிக்கும் தெரியலடா. கல்லு எந்த ஊருலயும் கெடக்குது" என்றா. கட்டிலுக்கடியில் தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் எங்கள் இரண்டு பேருடைய பிறப்புச் சான்றிதழும், தாத்தா பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த கடதாசிகளும். அதை ஒருவருக்கும் நினைவில்லை.

வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்த பின்தான் அதன் நிறை தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க, அடையாள அட்டை எடுக்க, பிரஜை என்று நிரூபிக்க. பதிவு பதுளைப் பக்கத்தில். யுத்த காலத்தில் அங்கே போய்ப் பிரதி எடுக்க அப்பாவால் முடியவில்லை. தோட்டத்தில் பதிந்தபோது பெயரின் எழுத்தே வேறாக விழுந்திருந்தது என்பதும் பிறகுதான் தெரியவந்தது. உத்தேச வயதுச் சான்றிதழை வைத்துக்கொண்டு பல வருடம் ஓடினேன். இன்றைக்கும் என்னுடைய பிறந்த திகதி என்று அடையாள அட்டையில் இருப்பது நான் பிறந்த திகதி இல்லை. அம்மாவுக்கு நினைவிருப்பது, அது கவ்வாத்து நடந்த காலம் என்பது மட்டும்.

2009இல் எடுத்த பாடம் இருந்தபடியால், புதுமாத்தளனிலிருந்து வெளியே வரும்போது நான் தையல் இயந்திரத்தையும் உரப்பைகளையும் வழியில் விட்டேன், கடதாசிகளைச் சொப்பின் பை இரண்டுக்குள் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்தேன். தொடுவாயில் கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கினோம். மெனிக் பாமில் பதியும்போது அவை காய்ந்த கடதாசியாகவே இருந்தன.

ஆகவே பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது பையின் பாரத்தை அல்ல. தேசிய அடையாள அட்டை உடம்போடு இருக்கிறதா, அதன் பிரதி வீட்டில் ஒருவரிடம் இருக்கிறதா, கைப்பேசியில் படமாக இருக்கிறதா, இரத்த வகையும் அவசரத் தொடர்பு இலக்கமும் எழுதிய துண்டு அதனோடு இருக்கிறதா என்பதைத்தான். தாய்மார் வைத்துவிடுகிற அரிசியைப் பற்றி இப்போது சண்டை பிடிப்பதில்லை. கீழே லயத்தில் இறக்கிவைக்கச் சொல்கிறேன். சமைக்க ஆள் உண்டு, தின்னவும் ஆள் உண்டு. அது வீணாவதில்லை.

மலையிலிருந்து இறங்கிய அன்று அம்மா குடியிருந்த லயத்தைத் தேடிப் போனோம். கூரைத் தகடு மாற்றியிருந்தார்கள். இருந்த குடும்பம் தேத்தண்ணி தந்தது. தகரப்பெட்டி ஒன்று கட்டிலுக்கடியில் இருந்ததா என்று அம்மா கேட்டா. அவர்கள் அங்கே குடிவந்தது 1990களில். தங்களுக்கு முன் இருந்தவர்களும் அப்படி எதையும் சொன்னதில்லை என்றார்கள். மருமகன் அந்த வாசலையும் கதவிலக்கத்தையும் படமெடுத்துக்கொண்டான். பதுளையில் பதிவேட்டுப் பிரதி எடுக்க அக்காவின் பெயரில் விண்ணப்பித்திருக்கிறோம். எழுத்துப்பிழையோடு எந்தெந்த விதமாகப் பதிந்திருக்கலாம் என்று நான்கு விதமாக எழுதிக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை.

வீடு திரும்பியதும் செய்யவேண்டிய ஒன்று பாக்கி. பையிலிருப்பதை மறுபடி பாயில் கொட்டி, தொடாமலே திரும்பி வந்தவற்றை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருந்துப் பையும் மழைச்சட்டையும் மாற்று மின்கலமும் தொடப்படாமல் வந்தால் சந்தோஷப்படலாம், அடுத்த முறையும் அவை வரவேண்டும். மற்றவற்றை அடுத்த முறை வீட்டில் விடுங்கள். என்னுடைய பை முதல் தடவை 17 கிலோ. இப்போது தண்ணீரோடு 10.

பஸ் விடயத்தில் ஒரு குறிப்பு: மடுல்சீமையிலிருந்து பசறைக்கு மாலையில் பஸ் குறையும், மழை நாளில் வராமலும் விடும். மத்தியானத்துக்குள் இறங்கிவிடுங்கள்.